குடில் பெட்டிக்கு இரண்டு சாவி

சேலம்
24.8.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

ஆக்சிலியா எழுதுகிறேன். இங்கே சுகம். போனில் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று நீ உத்தரவு போட்டுவிட்டதால், விடுதியில் பேனாவும் பேப்பருமாக உட்கார்ந்திருக்கும் ஒரே ஆள் நான்தான். என் அறையிலும் வகுப்பிலும் இருக்கும் பிரியதர்ஷினி, "எந்தக் காலத்துல இருக்கீங்க ஆத்தாளும் மகளும்?" என்று சிரிக்கிறாள். அவளும் நம் பக்கம்தான், கம்பைநல்லூர். அவள் அப்பா வனத்துறையில் ஜீப் ஓட்டுகிறார். நல்ல பெண். அவள் வீட்டிலிருந்து வரும் முறுக்கில் பாதி எனக்குத்தான்.

வகுப்பு தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. முதல் பாடமே சட்டத்தைப் பங்கு பிரிப்பதுதான் அம்மா. சிவில் ஒரு பக்கம், கிரிமினல் ஒரு பக்கம். குப்புராஜ் மாமா நம் வரப்பை ஒரு சாண் வெட்டி எடுத்தால் அது சிவில். தடுக்கப் போன உன்னை மண்வெட்டியால் அடித்தால் அது கிரிமினல். முதலாவதில் நீ கேட்க வேண்டும், உனக்கும் அவருக்கும் இடையில் வழக்கு. இரண்டாவதில் உனக்காக அரசாங்கமே வழக்கு நடத்தும். இப்படி எதையும் பார்த்தவுடன் இது எந்தப் பக்கம் என்று சொல்லப் பழக வேண்டுமாம்.

எங்கள் சார், "புத்தகத்துல இருக்கற உதாரணத்தையே எழுதுனா பாதி மார்க்குதான். உங்க வூட்ல இருந்து கொண்டாங்க" என்கிறார். எனக்கு நம் வீட்டை விட்டால் வேறு என்ன தெரியும்? நிறைய எழுதுகிறேன்.

மாத்திரையை மறக்காமல் போடு.

உன் அன்பு மகள்
ஆக்சிலியா


மரியே வாழ்க

மலையடிவாரம்
பாப்பிரெட்டிப்பட்டி வழி
2.9.2025

அன்பு மகள் ஆக்சிலியாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் ஆடுகளும் சுகம்.

உன் கடிதம் வந்தது. ஆனால் எப்படி வந்தது தெரியுமா? ஒட்டிய இடத்தில் பசை இரண்டு முறை தடவின மாதிரி இருந்தது. தபால் கொண்டுவரும் சுகுணாவிடம் கேட்டேன். "எனக்கென்னங்க்கா வேற வேலை இல்லீங்களா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தப்பு செய்யாதவள் ஏன் முகத்தைத் திருப்ப வேண்டும்? இனி மேலே செல்லோடேப் ஒட்டி அனுப்பு.

குப்புராஜைப் பற்றி எழுதாதே. உன் எழுத்தை யாராவது படித்து அவரிடம் சொன்னால் வரப்பு வெட்டும் யோசனையே அப்புறம்தான் அவருக்கு வரும். போன வாரம் அந்த ஆள் வந்து, "பாப்பா வக்கீலுக்குப் படிக்குதாமுங்களே? எத்தன வருசம்? அப்பறம் எங்க கோர்ட்டுல நிக்கும்?" என்று துருவித் துருவிக் கேட்டார். மூன்று வருடமாகப் பக்கத்துக் காட்டில் இருந்தும் வாயைத் திறக்காதவருக்கு இப்போது ஏன் இந்த அக்கறை?

அந்த ஜீப் ஓட்டுகிறவர் மகளிடம் முறுக்கைத் தின்று வாயை மூடிக்கொள். அவ்வளவுதான் சொல்வேன்.

இந்த வருடம் பன்னி ஒரேயடியாக இறங்கிவிட்டது. கூட்டத்துக்குப் பதினைந்து இருக்கும். குச்சிக்கிழங்கு மேற்கு மூலையில் ஒரு செடி மிச்சமில்லை. உங்கள் அப்பா விட்டுப்போன அது இல்லையென்றால் முழுக் காடும் போயிருக்கும். நான் மேலே பார்த்து வெடிக்கிறதோடு சரி. இன்றுவரை ஒரு உயிரைத் தொட்டதில்லை, மாதா சத்தியம். அது அதன் இடத்தில் பத்திரமாக இருக்கிறது. உனக்கும் எனக்கும் தவிர மூன்றாவது ஆளுக்குத் தெரியாது. அப்படியே இருக்கட்டும் கண்ணு.

அம்மா
மதலேனம்மாள்


சேலம்
14.9.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

செல்லோடேப் போதுமா, அரக்கு வைக்கட்டுமா?

கோபிக்காமல் கடைசிவரை படி. போன வாரம் நடந்த பாடம் நம் வீட்டைப் பற்றியே நடந்த மாதிரி இருந்தது. சொந்தம் வேறு, கைவசம் வேறு என்று ஒரு பாடம். ஒரு பொருள் யாருடையது என்பது ஒரு கேள்வி. அது யார் கைவசம் இருக்கிறது என்பது வேறு கேள்வி. கையில் பிடித்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அது அங்கே இருப்பது தெரிய வேண்டும், நினைத்தால் போய் எடுக்க முடிய வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் அது அவர் கைவசம்தான்.

அப்பாவின் நாட்டுத் துப்பாக்கி நம் குடில் பெட்டிக்குள் இருக்கிறது. டிசம்பரில் கிறிஸ்துமஸ் குடில் வைக்கக் குழந்தை இயேசு, மாடு, கழுதைப் பொம்மைகளை எடுக்கும்போது தவிர யாரும் திறக்காத பெட்டி என்று நீ அங்கே வைத்தாய். ஒரு சாவி உன் இடுப்பில். இன்னொன்று, குடில் கட்டுவது நான் என்பதால், என் சங்கிலியில். நான் அதை இங்கேயே கொண்டுவந்துவிட்டேன் அம்மா, பழக்கத்தில்.

இன்னொன்றும் படித்தோம். பெரும்பாலான குற்றத்துக்கு மனதில் கெட்ட எண்ணம் இருந்ததா என்று பார்ப்பார்கள். ஆனால் லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி அப்படியில்லை. நீ யாரையும் சுட வேண்டாம். சும்மா சத்தத்துக்கு வைத்திருக்கிறேன் என்றாலும் கேட்க மாட்டார்கள். தெரிந்து வைத்திருந்தாலே குற்றம். நீ ஜெயிலுக்குப் போனால் நான் யாரிடம் போவேன்?

பேப்பரில் பார்த்தேன். மலையடிவார ஊர்களில் இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் கள்ளத் துப்பாக்கிகளை ஊர்ப் புளியமரத்தடியில் கொண்டுவந்து போட்டுவிட்டால் யார் மேலும் வழக்கு இல்லையாம். கேட்பாரற்றுக் கிடந்தது என்று எழுதி எடுத்துப்போய்விடுவார்களாம். போன வருடம் சித்தேரிப் பக்கம் அப்படித்தான் செய்தார்கள் என்று பிரியதர்ஷினி சொன்னாள். (நான் கேட்கவில்லை. அவளாகச் சொன்னாள்.) தயவுசெய்து போட்டுவிடு அம்மா.

ஒரு நல்ல செய்தி. இந்த வாரப் பரீட்சையில் என் விடைதான் வகுப்பிலேயே சிறந்தது என்று சார் பாராட்டினார்.

உன்
ஆக்சிலியா


மரியே வாழ்க

22.9.2025

ஆக்சிலியாவுக்கு,

பாராட்டினதில் சந்தோஷம். உன் அப்பா இருந்திருந்தால் ஊருக்கே டீ வாங்கிக் கொடுத்திருப்பார்.

மற்றபடி உனக்குப் புத்தி இருக்கிறதா? பேர் சொல்லி எழுதியிருக்கிறாயே! பெட்டி, சாவி, இடம் எல்லாம் விலாசம் போட்டு எழுதியிருக்கிறாயே! படித்து முடித்ததும் அடுப்பில் போட்டேன். சாம்பலையும் கிளறிவிட்டேன். என் கடிதங்களையும் நீ அப்படியே செய்.

புளியமரத்தடி விஷயம் எனக்கும் தெரியும். தண்டோரா போட்டார்கள். மரத்துக்கு எதிரே பால் சொசைட்டியில் புதிதாகக் கேமரா மாட்டியிருக்கிறார்களே, அது எதற்காம்? பாலைத் திருடவா வருகிறார்கள்? போட வருகிறவன் மூஞ்சியை எல்லாம் பிடித்து வைத்துக்கொண்டு, நாளைக்கு எங்கேயாவது ஒரு வெடிச்சத்தம் கேட்டால் முதலில் நம் வூட்டுக்குத்தான் வருவார்கள். வழக்கு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டா கொடுத்தார்கள்?

காட்டுப் பன்னியை ஒன்றும் செய்யக் கூடாது, அது அரசாங்கத்தோடது என்கிறார்களே. அப்படியானால் அது தின்ற கிழங்கு யாரோடது? இது சிவிலா கிரிமினலா என்று உங்கள் சாரிடம் கேட்டு எழுது.

நீ பயப்படுகிறாய் என்பது புரிகிறது. என் தலையிலும் மூளை இருக்கிறது கண்ணு. கிழங்கு பிடுங்கும்வரை பொறு. தையில் பிடுங்கினதும் நானே கொண்டுபோய்க் கிணற்றில் போடுகிறேன். மாதா மேல் ஆணையாகப் போடுகிறேன். அதுவரைக்கும் வாயை மூடிக்கொண்டிரு, அது போதும்.

அம்மா


மரியே வாழ்க

12.10.2025

ஆக்சிலியாவுக்கு,

போனில் நான் நல்லா இருக்கேன் என்று மட்டும் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. புதன்கிழமை வந்துவிட்டார்கள்.

சாயங்காலம் நாலு மணி. ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தேன். ஜீப்பில் இரண்டு போலீஸ், ஒரு பெண் போலீஸ், ஒரு வனத்துறை ஆள். யாராவது சோதனை போட்டால் எப்படிப் போடுவார்கள்? பானையை உருட்டுவார்கள், பரணைக் கிளறுவார்கள். இவர்கள் ஒரு பாத்திரத்தைத் தொடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். அந்தப் பெண் போலீஸ் நெற்றியில் திருநீறு வைத்திருந்தாள். நம் சபையும் இல்லை, நம் ஊரும் இல்லை. அவள் சொல்கிறாள்: "அம்மா, குடில் பெட்டியத் தொறங்க."

குடில் பெட்டி! இந்த ஊரில் நம்மைத் தவிர நாலு குடும்பத்துக்குத்தான் குடில் என்றாலே என்னவென்று தெரியும். அந்தப் பெட்டிக்கு அப்படிப் பேர் வைத்து அழைப்பது உலகத்திலேயே நீயும் நானும்தான்.

உள்ளே இருந்ததை எடுத்துக்கொண்டு, என்னையும் பாப்பிரெட்டிப்பட்டி கோர்ட்டுக்குக் கொண்டுபோனார்கள். பொம்பளை, புருசன் இல்லாதவள் என்று ஜட்ஜ் அம்மா ஜாமீன் கொடுத்தார். வியாகுலம் சித்தப்பா வந்து கையெழுத்துப் போட்டார். இரண்டாவது ஆள் வேண்டும் என்றார்கள். யார் வந்து நின்றது தெரியுமா? குப்புராஜ். நான் கூப்பிடவே இல்லை. எதற்கு வந்தார் என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. காட்டிக்கொடுத்துவிட்டு நல்லவன் வேஷம் போடுகிறாரோ என்றுகூட நினைத்தேன். ஆனால் அவருக்குப் பெட்டியின் பேர் எப்படித் தெரியும்?

சுகுணாவை நினைத்தேன். உன் கடிதத்தைப் பிரித்துப் படித்திருப்பாளோ என்று. ஆனால் செல்லோடேப் ஒட்டினது ஒட்டினபடியே வந்தது, நான்தான் பல்லால் கடித்துப் பிரித்தேன். நான்கு நாளாக ஒவ்வொரு ஆளாக நிறுத்திப் பார்க்கிறேன். ஒவ்வொருவராகக் கழிகிறார்கள். கடைசியில் ஒரே ஆள்தான் மிச்சம்.

இன்ஸ்பெக்டர் பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இந்தப் பூட்டுக்கு ரெண்டு சாவி குடுப்பானே, இன்னொண்ணு எங்கம்மா? உம் பொண்ணு எங்க படிக்குது?" என்று கேட்டார். மயக்கம் வருகிறது என்று உட்கார்ந்துவிட்டேன். இருபதாம் தேதிக்குப் பிறகு வந்து வாக்குமூலம் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்.

நீ என்னைத் திருத்துவதற்காகச் செய்தாயா? சட்டம் படித்துவிட்டோம், அம்மாவாவது ஆத்தாளாவது என்று நினைத்தாயா? நேராகக் கேட்கிறேன். நீயா?

மதலேனம்மாள்


சேலம்
16.10.2025

அம்மா,

நான்தான்.

ஆனால் நான் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. அதைவிடக் கேவலமாகச் செய்திருக்கிறேன். சார் வீட்டிலிருந்து உதாரணம் கொண்டுவரச் சொன்னார் என்று எழுதியிருந்தேன் அல்லவா? கைவசம் பற்றிய கேள்விக்கு எல்லோரும் வாடகை வீடு, அடகு வைத்த நகை என்று எழுதினார்கள். நான் எழுதினேன்: "ஒரு வீட்டில் ஒரு குடில் பெட்டி. உள்ளே ஒரு நாட்டுத் துப்பாக்கி. பெட்டி தாயின் வீட்டில். ஒரு சாவி தாயிடம், ஒரு சாவி மகளிடம். துப்பாக்கி யார் கைவசம்?" இரண்டு பக்கத்துக்குப் பிரித்துப் பிரித்து விடை எழுதினேன். எழுதும்போது அது நம் வீடு என்பதே மறந்துவிட்டது அம்மா. அது ஒரு கேள்வி, நான் ஒரு மாணவி, அவ்வளவுதான் தெரிந்தது. சார் அதை வகுப்பில் வாசித்துக் காட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாராட்டினார் என்று உனக்கு எழுதினது அந்த விடையைத்தான்.

பிரியதர்ஷினியைப் பிடித்து உலுக்கினேன். "வூட்டுல சும்மா பேச்சுவாக்குல சொன்னேன்டி. குடில்னா என்னன்னு எங்கப்பா கேட்டாரு, அதயும் சொன்னேன். சத்தியமா இப்படி ஆகும்னு தெரியாது" என்று அழுதாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? இருபத்தைந்து பேர் முன்னால் சொன்னவள் நான்.

கெட்ட எண்ணம் இல்லாமல் செய்தால் பெரும்பாலும் குற்றமாகாது என்று படித்திருக்கிறேன். அதையே உனக்கு எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுத வெட்கமாக இருக்கிறது.

சனிக்கிழமை கிளம்பி வருகிறேன். நேராக ஸ்டேஷனுக்குப் போய், எனக்கும் தெரியும், இன்னொரு சாவி என்னிடம்தான் இருக்கிறது என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன். என் மேலும் வழக்குப் போடட்டும். அப்புறம் வக்கீலாகப் பதிவு செய்ய விடமாட்டார்கள் என்றால் விடாமல் போகட்டும். உன்னைத் தனியாக நிற்க வைத்துவிட்டுக் கறுப்புக் கோட்டுப் போட்டு நான் என்ன செய்யப் போகிறேன்? விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், என்னிடம்தான் இருக்கிறது. அதையும் கொண்டு வருகிறேன்.

என்னை மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை. வாசலில் நிற்க மட்டும் விடு.

ஆக்சிலியா


மரியே வாழ்க

23.10.2025
(வியாகுலம் சித்தப்பா கையில்)

ஆக்சிலியா,

போனில் நான் "வராதே" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டதும் நீ பயந்திருப்பாய். இதைச் சித்தப்பா முன்னாலேயே படித்துவிட்டு அவர் கையிலேயே திருப்பிக் கொடு. அவர் எரித்துவிடுவார்.

முதலில் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து பைத்தியம் மாதிரி சிரித்தேன். ஊரில் ஒரு நாயைக்கூட விடாமல் சந்தேகப்பட்டேன். இத்தனை வருடம் சாம்பலைக்கூடக் கிளறிவிட்டு வாழ்ந்தேன். நீ மார்க்குக்காக இருபத்தைந்து பேர் முன்னால் பெட்டியைத் திறந்து காட்டிவிட்டாய். உன் மனதில் கெட்ட எண்ணம் இல்லை என்பது எனக்குத் தெரியும். அதனால் என் வயிறு எரியாது என்று நினைத்துக்கொள்ளாதே.

இப்போது காரியத்தைக் கேள். நேற்று வாக்குமூலம் கொடுத்துவிட்டேன். ஒரு பொருள் கைவசம் என்று சொல்ல, அது இருப்பது தெரிய வேண்டும், எடுக்க வழி இருக்க வேண்டும் என்று நீதான் எழுதினாய். இரண்டும் உனக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். இன்னொரு சாவி உங்கள் அப்பா காலத்திலேயே தொலைந்துபோயிற்று. உள்ளே என்ன இருக்கிறது என்று மகளுக்குத் தெரியாது. சட்டம் படிக்க வேண்டாம், நர்ஸுக்குப் படி என்று நான் சொன்னேன், அவள் கேட்கவில்லை, ஈஸ்டரிலிருந்து எங்களுக்குள் பேச்சு சரியில்லை. இப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டாயிற்று.

இன்ஸ்பெக்டர் நம்பாமல் பார்த்தார். அப்போது, ஜாமீன் போட்டவர் என்று கூட வந்திருந்த குப்புராஜ் எழுந்து, "ஆமாங்க சார், ஆத்தாளுக்கும் மகளுக்கும் ஆகறதில்லைங்க. ஊருக்கே தெரியும்" என்றார். ஊருக்கு என்ன தெரியும்! வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். ஏன் சொன்னீங்க, உங்களுக்கு என்ன வேணும் என்று. "உங்க வெடிச்சத்தத்துல என் காடும் பொழச்சுதுங்க. மூணு வருசமா தெரியும். யார்கிட்டயும் சொல்லோணும்னு தோணல" என்றார். மூன்று வருடம்! அந்த மனிதரைத்தான் வரப்புத் திருடன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போதும் முழுக்க நம்பவில்லை. முக்கால்வாசி நம்புகிறேன்.

ஆகவே நீ வரக் கூடாது. ஸ்டேஷனுக்கு வந்து வாயைத் திறந்தால் நான் பொய் சொன்னவள் ஆவேன், நீ குற்றவாளி ஆவாய், இரண்டு பேரும் போய்விடுவோம். விடைத்தாளை எரி. சாவியைச் சித்தப்பாவிடம் கொடு. வழக்கு முடியும்வரை கடிதம் வேண்டாம், போனும் வேண்டாம். இரண்டு வருடமோ நான்கு வருடமோ தெரியாது. கிறிஸ்துமஸுக்கும் வராதே.

நாளைக்குத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புவேன். பழைய தேதி போடலாம் என்று பார்த்தேன், முத்திரை காட்டிக்கொடுத்துவிடும். அதை மட்டும் எரிக்காதே, பத்திரமாக வைத்துக்கொள். யாராவது உன்னைத் தேடி வந்தால் எடுத்துக் காட்டு. கடுமையாகத்தான் எழுதுவேன். எழுதும்போது பொய்யோடு கொஞ்சம் நெஜமும் வந்துவிடும். எது எது என்று என்னிடம் கேட்காதே.

படிப்பை மட்டும் விடாதே.

அம்மா


மலையடிவாரம்
பாப்பிரெட்டிப்பட்டி வழி
24.10.2025

செல்வி ஆக்சிலியாவுக்கு,

இதுதான் நான் உனக்கு எழுதும் கடைசிக் கடிதம். போனில் சொல்லியும் நீ கேட்கவில்லை, ஆகையால் எழுதுகிறேன்.

நர்ஸுக்குப் படி என்றேன். கேட்காமல் சட்டம் படிக்கப் போனாய். நீ போனதிலிருந்து இந்த வீட்டுக்கு நல்லது நடக்கவில்லை. இப்போது போலீஸ் வந்து போயிருக்கிறது. அது என் பாடு, உனக்குச் சம்பந்தம் இல்லாத விஷயம். எனக்காகக் கோர்ட்டுக்கு வர வேண்டாம். வந்து நின்றாலும் திரும்பிப் பார்க்க மாட்டேன். நல்லதுக்கும் வராதே, கெட்டதுக்கும் வராதே. ஊரில் யாராவது கேட்டால் அம்மா இல்லை என்று சொல்லிக்கொள். நானும் அப்படியே சொல்லிக்கொள்கிறேன்.

உன்னைப் படிக்கவைத்தது உங்கள் அப்பாவின் ஆசை. அந்த ஆசைக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் நீ அங்கே போய் இந்த வீட்டை மறந்துவிட்டாய். ஒரு நிமிஷம் மறந்தாலும் மறந்ததுதான்.

நான் யாரை யாரையோ சந்தேகப்பட்டேன். உன்னை மட்டும் படவில்லை. அது என் தப்பு.

இப்படிக்கு,
இ. மதலேனம்மாள்
க/பெ. இன்னாசி (காலஞ்சென்றவர்)
விவசாயம்